ஏழை மாணவர்களை ஒரு வாரம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போவதில் பயன் உண்டா?

கேள்வி இதுதான். வறுமையான குடும்பங்களைச் சேர்ந்த, 16, 17 வயதுள்ள பன்னிரண்டு மாணவர்களை ஒரு வாரம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தங்கவைத்து, வளாக வாழ்க்கை எப்படி இருக்கும் என்று காட்ட ஓர் அறக்கட்டளை திட்டமிடுகிறது. ‘விமான டிக்கெட்டுக்குக் கொட்டும் பணத்தில் சில பேருக்குக் கல்லூரிக் கட்டணமே கட்டிவிடலாமே’ என்று அறங்காவலர்களில் பாதிப் பேர் தடுக்கிறார்கள். போகலாமா? போனால் எப்படிப் போக வேண்டும்?

இத்தகைய குழுக்களுக்குப் பல ஆண்டுகளாக ஏற்பாடு செய்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: தடுப்பவர்களின் கேள்வி நியாயமானது. வெறும் சுற்றுப்பயணமாகப் போய்வந்தால் அவர்கள் சொல்வதே சரி. ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவர் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றைப் பார்க்கும்போது அவர் மனத்தில் ஓடுவது இரண்டே கேள்விகள்தான். என்னைப் போன்ற ஒருவரை இங்கே சேர்த்துக்கொள்வார்களா? சேர்த்துக்கொண்டால் பணத்துக்கு எங்கே போவது? இந்த இரண்டுக்கும் அந்த ஒரு வாரத்துக்குள் தெளிவான பதில் கிடைத்தால் பயணத்துக்குச் செலவிட்ட பணம் வீணாகாது. கிடைக்கவில்லை என்றால், எட்டாக்கனியை அருகில் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திருப்பி அழைத்துவந்த கதையாகிவிடும். காட்டாமலே இருந்திருக்கலாம்.

ஒருவர் மேற்படிப்புக்குப் போவதற்கு வளாகத்தை நேரில் பார்ப்பது உதவுமா என்பதை அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் கல்லூரி பற்றிய தகவல் தொகுப்பை மட்டும் கொடுத்தார்கள். மற்றொரு பிரிவினருக்கு அதே தொகுப்பையும் கொடுத்து, ஒரே கல்வியாண்டில் மூன்று முறை மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் அழைத்துப் போனார்கள். போய்வந்தவர்களுக்குக் கல்லூரியைப் பற்றிய அறிவு கூடியது. பள்ளி ஆசிரியர்களிடம் மேற்படிப்பைப் பற்றி வாய் திறந்து பேசுவதும் கூடியது. ஒன்பதாம் வகுப்பில் கடினமான அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை எடுத்தவர்களும் அவர்களில் அதிகம். இந்த ஆய்வில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அவர்கள் போனது ஒரு முறை அன்று, மூன்று முறை. போனதும் சொந்த மாநிலத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு. ஆகவே உங்கள் மாணவர்கள் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில்கூட இதுவரை காலடி வைத்ததில்லை என்றால், முதல் பயணம் அங்கேதான் இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் பார்த்த கண்தான் வெளிநாட்டில் எது வேறு, எது ஒன்றே என்று பிரித்துப் பார்க்கும். முதல் முறையாகப் பார்ப்பதே வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் பிரமிப்பைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் வந்தது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. போய்வந்தவர்களிடம் தொழிற்கல்வியில் சேரும் விருப்பம் குறைந்தது. பல்கலைக்கழகத்தைப் பார்த்த கண்ணுக்குப் பாலிடெக்னிக் சிறியதாகத் தெரிந்துவிடுகிறது. நல்ல மின்பணியாளராகவோ செவிலியராகவோ வரக்கூடிய ஒருவரை, அவருக்கு ஒத்துவராத பட்டப்படிப்பு ஒன்றின் பக்கம் தள்ளிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. எனவே நிகழ்ச்சியில் ஒரு நாளை அந்த ஊரின் தொழிற்பயிற்சி நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கிவிடுவது என் வழக்கம். மாணவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். அங்கே இயந்திரங்களைத் தொட்டு இயக்கவிட்டதும் அந்தச் சுளிப்பு காணாமல் போய்விடும்.

இனி, எப்போது போவது என்று பார்ப்போம். பெரும்பாலான அமைப்புகள் இங்கேதான் சறுக்குகின்றன. மாணவர்களின் பள்ளி விடுமுறைக்கு ஏற்பப் பயணத்தை வைக்கிறார்கள். அங்கேயும் அப்போது விடுமுறை. விடுதிகளைக் கருத்தரங்குகளுக்கு வாடகைக்கு விட்டிருப்பார்கள், உணவுக்கூடத்தில் பாதி மூடியிருக்கும், பேராசிரியர்கள் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். மாணவர் இல்லாத பல்கலைக்கழகத்தில் வளாக வாழ்க்கையைத் தேடுவது வீண் வேலை. உங்கள் மாணவர்களுக்குச் சில நாள் பள்ளி வகுப்பு தவறினாலும் பரவாயில்லை, அங்கே கல்விப் பருவம் தொடங்கி மூன்றாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் இடையில் போங்கள். அதற்கு முன் புதிய மாணவர்களே வழி தெரியாமல் திரிந்துகொண்டிருப்பார்கள். அதற்குப் பின் தேர்வுக் காய்ச்சல் பிடித்து, விருந்தினரோடு பேச யாருக்கும் நேரம் இருக்காது. முழுக்க முழுக்கக் கோடைக்காலப் பள்ளி போன்ற தனி ஏற்பாடு என்றால் மட்டும் விடுமுறையில் போகலாம், ஏனென்றால் அங்கே வகுப்புகளையே உங்கள் மாணவர்களுக்காக நடத்துவார்கள்.

நாள் முழுவதையும் நிகழ்ச்சிகளால் நிரப்ப வேண்டாம். துணைவேந்தர் வரவேற்புரை, நினைவுப் பரிசு, வளாகச் சுற்று, அருங்காட்சியகம் என்று அடுக்கிய அட்டவணைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு மாணவர் சாதாரண மாணவராக இருக்கும் நேரம் அரை மணிகூடத் தேறாது. ஒவ்வொருவரையும் அங்கே படிக்கும் ஒரு மாணவரோடு இணைத்து, இரண்டு முழு நாட்கள் அவர் போகும் இடமெல்லாம் போகவிடுங்கள். காலை வகுப்பு, நூலகம், துணி துவைக்கும் அறை, சங்கக் கூட்டம், இரவு விடுதியின் பொதுச் சமையலறை. துணி துவைக்கும் அறையை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். அட்டையைத் தேய்த்தால்தான் ஓடும் இயந்திரத்தின் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கும்போதுதான், அந்த ஊர் மாணவர் ஒருவர் வந்து ‘எனக்கும் முதல் வாரம் இது புரியவில்லை’ என்று பேச்சை ஆரம்பிப்பார். கருத்தரங்க அறையில் அந்தப் பேச்சு நடக்காது.

வகுப்பறையில் ஒருமுறை நடந்தது இது. சுமார் இருபது பேர் இருந்த வகுப்பில் பேராசிரியர் ஏதோ ஒரு சமன்பாட்டை விளக்கிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவன் கையைக்கூட உயர்த்தாமல், “எனக்குப் புரியவில்லை, இரண்டாவது வரியிலிருந்து மறுபடியும் சொல்ல முடியுமா?” என்றான். பேராசிரியர் பலகையைத் துடைத்துவிட்டு வேறு மாதிரி எழுதினார். எங்களோடு வந்திருந்த ஒரு மாணவி வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கேட்டாள்: “அவனுக்கு மதிப்பெண் குறைப்பார்களா சார்?” இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அவளோடு இணைத்திருந்த மாணவியிடம் போய் அதையே கேட்டு உறுதி செய்துகொண்டாள். மறுநாள் வேறொரு வகுப்பில், மெல்லிய குரலில்தான், ஆனாலும் அவளே ஒரு கேள்வி கேட்டாள். வளாகத்தின் பிரம்மாண்டமான மணிக்கூண்டைப் பற்றி அவள் ஊருக்குத் திரும்பிய பின் யாரிடமும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. இந்தச் சம்பவத்தைத்தான் தன் பள்ளியில் பேசியிருக்கிறாள்.

‘என்னைச் சேர்த்துக்கொள்வார்களா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தகுந்தவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படிக்கும், குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவர்கள். பேச வைப்பதற்கு மேடையில் மின்னும் வெற்றியாளர்களைத் தேட வேண்டாம். முதல் பருவத்தில் தோற்றவர்கள், வீட்டு நினைவில் அழுதவர்கள், பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் வரட்டும். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு வலுவான ஆதாரம். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால் மூத்த மாணவர்களை ஒரு மணி நேரம் பேச வைத்தார்கள். ஒரு குழுவுக்கு அவர்கள் பொதுவான அறிவுரை சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு, தங்கள் குடும்பப் பின்னணியால் என்ன இடர் வந்தது, அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று சேர்த்துச் சொன்னார்கள். அந்த இரண்டாவது குழுவில், முதல் தலைமுறை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையில் வழக்கமாக விழும் மதிப்பெண் இடைவெளி ஆண்டு முடிவில் 63 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு மணி நேரப் பேச்சுக்கு இவ்வளவு பலன். உங்கள் அட்டவணையில் இதற்கு ஒரு மாலையை முழுதாக ஒதுக்குங்கள். ஆசிரியர்களும் அறங்காவலர்களும் அந்த அறையில் இருக்கக் கூடாது. பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

அடுத்தது பணம். இதைத்தான் எல்லோரும் நாகரிகம் கருதித் தவிர்க்கிறார்கள், மாணவர்கள் மனத்தில் இதுதான் முதலில் நிற்கிறது. தகவல் மட்டும் போதாது என்பதற்குத் தெளிவான சான்று உண்டு. அமெரிக்காவில் ஏறத்தாழ 7,85,000 ஏழை, நடுத்தர வர்க்க மாணவர்களுக்குக் கல்லூரி விண்ணப்பம், நிதியுதவி பற்றிய விவரங்களை அஞ்சலில் அனுப்பிப் பார்த்தார்கள். அவர்கள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்பதில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் வேறு விதமாக முயன்றது. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு, ‘நீங்கள் தேர்வு பெற்றால் நான்கு ஆண்டுகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை’ என்று உறுதி கூறிக் கடிதம் அனுப்பியது. கடிதம் பெறாதவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். பெற்றவர்களில் 68 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு எப்படியும் அதே உதவி கிடைத்திருக்கும் என்பதுதான் விசேஷம். புதிதாகக் கிடைத்தது பணம் இல்லை, உறுதிமொழி.

ஆகவே பயணத்துக்கு முன்பே விருந்தளிக்கும் பல்கலைக்கழகத்திடம் பேரம் பேசுங்கள். வரவேற்பு விருந்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதற்குப் பதிலாக இரண்டைக் கேளுங்கள். ஒன்று, வரும் மாணவர் அனைவருக்கும் விண்ணப்பக் கட்டண விலக்கை எழுத்தில் தர வேண்டும். இரண்டு, நிதியுதவி அலுவலர் ஒருவர் ஒவ்வொரு மாணவரோடும் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து, ‘உங்கள் குடும்ப வருமானத்துக்கு இங்கே ஆண்டுக்கு உண்மையில் இவ்வளவு ஆகும்’ என்று ஒரு தொகையைத் தாளில் எழுதித் தர வேண்டும். அந்தத் தொகை கட்டுப்படியாகாது என்று தெரியவந்தாலும் நல்லதுதான். பொய்யான நம்பிக்கையோடு திரும்புவதைவிட அது மேல். இரண்டுக்கும் மறுக்கும் பல்கலைக்கழகம் உங்கள் மாணவர்களைப் புகைப்படத்துக்காக அழைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்தப் பல்கலைக்கழகம் என்பதிலும் இந்தக் கணக்கு முக்கியம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில, வெளிநாட்டு மாணவரின் விண்ணப்பத்தைக் குடும்பத்தின் பணவசதியைப் பார்க்காமலேயே பரிசீலித்து, சேர்த்துக்கொண்டால் தேவைப்படும் உதவி முழுவதையும் தருகின்றன. ஆனால் அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், வேறு சில பல்கலைக்கழகங்களும் வாங்கத் தொடங்கியிருக்கின்றன. கட்டணம் இல்லை என்றதும் மகிழ்ந்துவிட வேண்டாம். விசா வாங்க, ஆண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடிந்த வங்கிக் கணக்கில்) போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. ஏழைக் குடும்பம் இடறி விழுவது இந்தக் கணக்கில்தான். பெயர் பெற்ற இடத்தைவிட, உங்கள் மாணவரைப் போன்றவர்களை ஏற்கெனவே சேர்த்து உதவித்தொகையும் கொடுத்துவரும் இடத்தைத் தேடுங்கள்.

முன்மாதிரி வேண்டுமானால் பிரிட்டனின் சட்டன் அறக்கட்டளையைப் பாருங்கள். 1997 முதல் கோடைக்காலப் பள்ளிகள் நடத்துகிறார்கள். 2012இல், அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான கல்விப் பரிமாற்றத்தை நடத்தும் ஃபுல்பிரைட் ஆணையத்தோடு சேர்ந்து, வசதி குறைந்த அரசுப் பள்ளி மாணவர்களை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அழைத்துப்போகும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கே தங்கும் ஒரு வாரம் அந்தத் திட்டத்தில் சிறு பகுதிதான். அதற்கு முன்னும் பின்னும் நுழைவுத் தேர்வுப் பயிற்சி, விண்ணப்பக் கட்டுரை, கல்லூரித் தேர்வு, நிதியுதவிப் படிவம் என்று மாதக்கணக்கில் கூடவே நிற்கிறார்கள். நீங்கள் பின்பற்ற வேண்டியது அதைத்தான்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளையை எடுத்துக்கொண்டு போவது எளிது. அந்தப் பிள்ளைக்கு இந்தப் பயணம் இல்லாமலேயே வழி திறக்கும். நன்றாகப் படித்தும் கூச்சத்தால் பின்வரிசையில் உட்காருபவரைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களிடம் கேளுங்கள். இறுதித் தேர்வுக்கும் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கும் இன்னும் ஒன்றரை ஆண்டாவது இருக்க வேண்டும். விண்ணப்பக் காலம் முடிந்தபின் அழைத்துப்போய் என்ன பயன்?

பயணத்தில் மாணவரின் மானம் காக்கும் சிறு விஷயங்களை அலட்சியம் செய்ய வேண்டாம். கைச்செலவுப் பணத்தை எல்லோருக்கும் சமமாக, முதல் நாளே ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். ‘முதலில் செலவு செய், ரசீது கொடு, பிறகு தருகிறோம்’ என்றால் கையில் காசில்லாத பிள்ளை பசியோடு சிரித்துக்கொண்டு நிற்கும். குளிருக்கு மேலாடை வாங்கிக் கொடுங்கள், ஆனால் முதுகில் அறக்கட்டளையின் பெயரை அச்சடிக்காதீர்கள். அந்த எழுத்தோடு வளாகத்தில் நடப்பவர் மாணவராக இருக்க முடியாது, நன்கொடை பெற்றவராகத்தான் இருக்க முடியும். நன்றியுரை, கண்ணீர்க் காணொளி, ‘உங்கள் வறுமையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற நேர்காணல் ஆகிய மூன்றையும் அடியோடு விலக்குங்கள். இதைச் சொல்வதற்காகச் சில நன்கொடையாளர்களின் கோபத்துக்கு ஆளாகியிருக்கிறேன். ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விசாவைப் பற்றிச் சுருக்கமாக. ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கு) போகிறீர்கள் என்றால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாட்களுக்கு முன்பு விண்ணப்பித்தாக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். கல்விப் பயணமாக வரும் மாணவர்களுக்கும் உடன் வரும் ஆசிரியர்களுக்கும் விசாக் கட்டணம் கிடையாது என்று அவர்களுடைய விசா விதித்தொகுப்பே சொல்கிறது. கேட்காதவர்கள் கட்டிவிட்டு வருகிறார்கள். அமெரிக்காவில் நிலைமை வேறு. குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றே அதிகாரி முதலில் கருத வேண்டும். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. சொத்து, வங்கிக் கணக்கு என்று காட்ட எதுவும் இல்லாத குடும்பத்துக்கு இது கடினம். பல்கலைக்கழகத்தின் அழைப்புக் கடிதம், செலவை ஏற்பதாக உங்கள் அறக்கட்டளையின் கடிதம், எந்தத் தேதியில் வகுப்புக்குத் திரும்ப வேண்டும் என்று பள்ளி தரும் கடிதம் மூன்றும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும். நேர்காணலுக்கு மனப்பாடப் பதில் சொல்லிக்கொடுக்காதீர்கள். பிற்காலத்தில் அங்கே படிக்க ஆசையா என்று கேட்டால் ஆம் என்று சொல்வதில் தவறில்லை. இந்தப் பயணம் எந்தத் தேதியில் முடிகிறது, திரும்பிவந்து எந்த வகுப்பைத் தொடர்கிறேன் என்பதையும் சேர்த்து உண்மையாகச் சொன்னால் போதும். 18 வயது நிரம்பாதவர்களை விடுதியில் தங்கவைக்கப் பல பல்கலைக்கழகங்கள் தனி விதிகள் வைத்திருக்கின்றன. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

திரும்பி வந்த பிறகுதான் உண்மையான சோதனை. முதல் வாரம் ஊரே விசாரிக்கும். மூன்றாவது வாரம் யாரும் கேட்க மாட்டார்கள், அதே வகுப்பறை, அதே வீடு. சிலர் எரிச்சலடைவார்கள், சிலர் மௌனமாகிவிடுவார்கள். ‘வெளிநாடு போய்வந்த கொழுப்பு’ என்ற ஏச்சும் வரும். இதை முன்கூட்டியே மாணவர்களிடமும் பெற்றோர்களிடமும் சொல்லிவைத்தால் பாதி கனம் குறையும். அங்கே இணைந்திருந்த மாணவரோடு மாதம் ஒருமுறையாவது பேச வையுங்கள். அந்த மாணவருக்கு ஒரு சிறு மதிப்பூதியம் கொடுத்துவிட்டால் பேச்சு நிற்காது. நட்பை மட்டும் நம்பினால் இரண்டு மாதத்தில் தேய்ந்துவிடும். பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் வெளிநாடு போனார்கள் என்று கணக்குப் பார்த்து வெற்றி தோல்வி சொல்ல வேண்டாம். சொந்த நாட்டிலேயே நல்ல கல்லூரி ஒன்றுக்கு, இந்தப் பயணம் இல்லாவிட்டால் அவர்கள் நினைத்தும் பார்த்திராத ஒன்றுக்கு, துணிந்து விண்ணப்பித்தாலும் அந்தப் பயணம் தன் வேலையைச் செய்துவிட்டது.

இப்போது உங்கள் அறங்காவலர்களுக்கு. கையில் இருக்கும் பணம் பன்னிரண்டு பேரின் பயணத்துக்கு மட்டுமே போதும் என்றால் ஆறு பேரை அழைத்துப் போங்கள், மிச்சத்தைத் திரும்பி வந்தபின் ஒன்றரை ஆண்டு வழிகாட்டலுக்கு ஒதுக்குங்கள். அதற்கும் பணமில்லை என்றால் வெளிநாட்டை விட்டுவிட்டு, அருகிலுள்ள நல்ல பல்கலைக்கழகத்துக்கு முப்பது பேரை மூன்று முறை அழைத்துப் போங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. வெளிநாடுதான் என்று முடிவானால் தேர்வான மாணவர்களின் பாஸ்போர்ட் வேலையை உடனே தொடங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறொரு எழுத்து, தந்தை பெயரில் ஒரு முதலெழுத்து விடுபட்டிருப்பது என்று ஏழைக் குடும்பங்களின் ஆவணங்களில் ஏதாவது ஒரு சிக்கல் இருந்தே தீரும். அதைத் திருத்தி வாங்க விசாவைவிட அதிக நாள் பிடிக்கும். அதற்கு ஆகும் செலவையும் பெற்றோர் தலையில் கட்டாமல் திட்டச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.